சூரியக் கார் அணி தொடங்கும் பாடசாலைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்ட பிறகு, திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர் என்றாலே சூரிய மின்சாரம் பற்றித்தான் பேச்சு. இதைக் கேட்டு வளரும் திருகோணமலைப் பிள்ளைகள் "நாங்களும் ஒரு சூரியக் கார் செய்வோமா, சேர்?" என்று கேட்டால் தயங்காமல் சரி சொல்லுங்கள். ஆனால் ஒரே வருடத்தில் செய்து முடிக்கலாம் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். என் பார்வையில் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய் அதுதான்.

அமெரிக்காவின் டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான சூரியக் கார் பயிற்சித் திட்டம் 1993இல் தொடங்கியது. முதல் பந்தயம் நடந்தது 1995இல்தான். அங்கே முதலில் பயிற்சிப் பட்டறை, அப்புறம்தான் பந்தயம். நம் நிலைமை இன்னும் இறுக்கம். உயர்தரப் பரீட்சை வந்ததும் மூத்த மாணவர்கள் போய்விடுவார்கள். வயரிங் செய்தவன் போனால், எந்த வயர் எங்கே போகிறது என்று சொல்ல ஆளில்லை. அடுத்த அணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பொறுப்பாசிரியருக்கு இடமாற்றம் வந்தால் அதுவும் நடக்காது, கார் ஆய்வுகூடத்துக்குப் பின்னால் துருப்பிடிக்கும்.

ஆகவே முதல் நாளிலிருந்தே தரம் 10 பிள்ளைகளையும் சேருங்கள். கருவி எடுத்துக் கொடுக்க மட்டும் அல்ல, பெரியவர்கள் பார்த்திருக்க அவர்களே இணைப்புச் செய்ய வேண்டும். ஒரு பதிவுக் கொப்பி கட்டாயம். சுற்று வரைபடம், உதிரிப்பாகம் வாங்கிய கடை, விலை ஆகியவற்றோடு, சரிவராமல் கைவிட்ட முயற்சியையும் காரணத்தோடு எழுதுங்கள். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த அணிக்கு அதிகம் உதவுவதும் அதுதான்.

அடுத்தது, கணக்குப் போடாமல் உடற்கூட்டை அழகாக வரையத் தொடங்குவது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1000 வாட். 20 வீதத் திறனுள்ள பனல் 4 சதுர மீற்றர் இருந்தால் கையில் வருவது 800 வாட். ஒரு அயன் பெட்டிக்கே கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும்! கனமான இரும்புச் சட்டத்தை இதை வைத்து இழுக்க முடியாது. வேகத்திலும் ஆசை வேண்டாம். மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து 50க்குப் போனால், காற்றைக் கிழிக்க மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி தேவை.

வெளிநாட்டுக் கார்களின் படத்தைப் பார்த்துப் பனலைச் சாய்த்துப் பொருத்துவது இன்னொரு தவறு. டெக்சாஸின் பெரும்பகுதி இருப்பது வட அகலாங்கு 30 பாகைக்கும் மேலே. திருகோணமலை ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இங்கே கிடையாக வைத்தாலே போதும். நம் பிரச்சினை சூடு. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் சாதாரண சிலிக்கன் பனல் ஏறத்தாழ 0.4 வீதம் இழக்கும். 65 பாகையில் அது 16 வீதம். பனலுக்கு அடியில் காற்றோட இடம் விடுங்கள். சாரதியின் தலை நிழல் ஒரு செல்லில் விழுந்தாலும் தொடராக இணைத்த மற்றச் செல்களின் மின்னோட்டமும் குறையும் என்பதால் இருக்கையின் இடத்தையும் யோசித்து வையுங்கள்.

பாதுகாப்பில் சிக்கனம் கூடவே கூடாது. வீட்டுப் பிரேக்கரை, அதாவது மின்னோட்டம் மிஞ்சினால் சுற்றைத் துண்டிக்கும் ஆளியை, காரில் போடுவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணையும். பற்றரியிலிருந்து வரும் நேரோட்டத்தில் அது அணையாமல் எரியும். நேரோட்டத்துக்கென்றே செய்த பிரேக்கர், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், வெளியிலிருந்து கை எட்டும் அவசர நிறுத்தம், இந்த மூன்றும் பொருத்தாமல் காரை நகர்த்த வேண்டாம். லிதியம் பற்றரி என்றால் செல்களைக் கண்காணிக்கும் சுற்றும் வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதை மைதானத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் எனும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் இலேசான மூன்று சக்கரக் காரைப் பக்கக் காற்று தள்ளும், அதனால் காலையிலேயே முடிப்பது நல்லது. மாரி தொடங்குமுன் உப்புப் படிந்த இணைப்புகளைத் துடைத்து மூடுங்கள். லிதியம் பற்றரியை முழுதாக நிரப்பி வைக்காமல், பாதியளவு சார்ஜில் கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை வோல்ற்றளவைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்.