பூனைக்குக் கண் கலங்கினால்: மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

பூனை கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை எடுக்கத்தான் கை போகும். தயவுசெய்து வேண்டாம்.

முதலில் சன்னலோர வெளிச்சத்தில் இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கண் பாப்பா இரண்டும் ஒரே அளவா? மேற்பரப்பு தெளிவாக இருக்கிறதா, புகை படிந்ததுபோல் இருக்கிறதா? உள்மூலையில் வெள்ளைத் தோல் ஏறி நிற்கிறதா? அதுதான் மூன்றாம் இமை. எல்லாப் பூனைக்கும் உண்டு, ஆனால் கண் வலித்தாலோ உடம்பு சரியில்லை என்றாலோ அது வெளியே தெரியும்.

அடுத்து பீளை. காலையில் மூலையில் கொஞ்சம் பழுப்பாகக் காய்ந்திருந்தால் பயமில்லை. மஞ்சளாக, பச்சையாக வடிந்து, தும்மலும் இருந்தால் பூனை ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம். குட்டிகளுக்கு இது அடிக்கடி வரும். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள், கண்ணுக்கு ஒரு பஞ்சு. அப்புறம் மருத்துவரிடம் போங்கள்.

பழைய மருந்து ஏன் கூடாது? இந்த வைரஸாலோ நகக் கீறலாலோ கார்னியாவில், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தில், புண் வரலாம். வெறும் கண்ணுக்குப் பல சமயம் அது தெரியாது. மருத்துவர் ஃப்ளூரசீன் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். அந்தப் புண்ணின் மேல் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டு பட்டால் ஆறாமல் ஆழமாகி, கண்ணையே இழக்க நேரிடலாம். நாம் வாங்கிவைக்கும் பல சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது.

கண் மங்கினாலும், உள்ளே ரத்தம் தெரிந்தாலும், வெளிச்சத்திலும் பாப்பா விரிந்தே இருந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். வயதான பூனை திடீரென்று சுவரில் முட்டினால் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு, தைராய்டு அதிகமாவது இவற்றோடு அழுத்தம் ஏறி விழித்திரை கழன்றுவிடும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் சில பூனைகளுக்குப் பார்வை ஓரளவு திரும்புகிறது.

மருத்துவர் சொட்டு எழுதித் தந்தால், பூனையைத் துண்டில் சுற்றி, பின்பக்கமிருந்து தாடையை மெல்ல உயர்த்தி, சொட்டு மருந்தை விடுங்கள். குப்பியின் முனை கண்ணில் படக்கூடாது. இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிடம் இடைவெளி விடுங்கள். புண்ணுக்கான மருந்தை, கண் சரியானதுபோல் தெரிந்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி சாயம் விட்டுப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.