பழைய கெகரேட்டரைப் புதுப்பிப்பது: எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது

அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் நாலைந்து தடவை பாட்டிலில் அடைத்துப் பார்ப்பார்கள். 5 காலன் பியருக்கு ஐம்பது பாட்டில் கழுவி, காயவைத்து, மூடி போட வேண்டும். அது அலுத்ததும் கெக்குக்கு, அதாவது உலோகப் பீப்பாய்க்கு, மாறுவார்கள். கெக்கை உள்ளே வைத்து, தலையில் ஒரு ஃபாசெட்டை (பியர் ஊற்றும் குழாயை) பொருத்திய ஃபிரிட்ஜ்தான் கெகரேட்டர். கிரெய்க்ஸ்லிஸ்ட்டிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் பழசு நிறைய வரும்.

பழசில் காசு கொடுக்கத் தகுந்தவை இரும்பும் கம்ப்ரசரும் மட்டுமே. பியரோ அதைத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு வாயுவோ தொடுகிற ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் பார்க்காமலேயே குப்பையில் போடுங்கள். "நல்லாத்தானே இருக்கு" என்று பழைய ட்யூபை வைத்துக்கொண்டால், முதல் கெக் முழுக்க அதன் புளிப்பு வாடை அடிக்கும்.

(சட்டம்: 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயது வந்தோர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். ஊருக்கு வந்து இதைச் செய்ய நினைக்காதீர்கள், தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் இடம் தராது.)

1. முதலில் குளிர்

குளிர்கிறதா என்று தெரியும்வரை ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம் மின்சாரம் கொடுங்கள். படுத்த நிலையில் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் ஏறியிருக்கும், அது கீழே இறங்க நேரம் வேண்டும்.

பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வையுங்கள். 24 மணி நேரத்தில் 38°ஃபாரன்ஹீட், அதாவது 3° செல்சியஸ் அளவுக்கு வர வேண்டும். காற்றின் சூட்டை அளக்காதீர்கள், கதவைத் திறந்ததும் அது மாறிவிடும். குளிரவில்லையா? பின்பக்கக் கம்பிச்சுருளில் அப்பியிருக்கும் தூசியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். கதவு ரப்பருக்கு நடுவே ஒரு டாலர் நோட்டை வைத்துச் சாத்தி இழுங்கள். சுலபமாக வழுக்கி வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டினால் பல ரப்பர்கள் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். இவ்வளவும் செய்த பிறகும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் குளிரவில்லை என்றால் குளிர்வாயு கசிந்திருக்கலாம். அதற்குச் செய்யும் செலவில் வேறொரு பழைய கெகரேட்டரே வாங்கலாம்.

வாடை அடித்தால் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். சிந்திய பியர் பெரும்பாலும் அதன் கீழேதான் பூசணம் பிடித்துக் கிடக்கும்.

இன்னொரு ஃபாசெட் வைக்கத் துளை போடுவதாக இருந்தால் பக்கச் சுவர்களைத் தொடாதீர்கள். பல ஃபிரிட்ஜ்களில் குளிர்வாயுக் குழாய் சுவருக்குள் ஓடும், புதியவற்றில் அந்த வாயு தீப்பிடிக்கக்கூடியதும்கூட.

2. எந்தக் கெக்?

பழைய கெகரேட்டரோடு பெரும்பாலும் பீர் கம்பெனிக் கெக்குக்கான ஒற்றைப் பூட்டுதான் வரும், சாங்கி டி கப்ளர் என்பார்கள். வீட்டுப் பியருக்கு அது வேண்டாம். 5 காலன் கார்னி கெக்தான் நமக்குத் தோது. இது சோடா விற்க வந்த பாத்திரம். சோடாக் கம்பெனிகள் பெட்டிக்குள் பையில் சிரப்பை அடைத்து அனுப்பும் முறைக்கு மாறியபோது கழித்துவிட்ட கெக்குகள் பியர் காய்ச்சுகிறவர்கள் கையில் வந்து சேர்ந்தன. இணைப்பு மாட்டும் விதத்தைப் பொறுத்து பால் லாக், பின் லாக் என்று இரண்டு வகை. புதிதாகத் தொடங்குகிறவர் பால் லாக் வாங்குங்கள், உதிரிப் பாகம் சுலபமாகக் கிடைக்கும். வாங்குமுன் ஃபிரிட்ஜின் உள் உயரத்தை அளந்து பாருங்கள். கெக் சுமார் 25 அங்குலம் இருக்கும், அதன்மேல் மாட்டும் இணைப்புக்கும் இடம் வேண்டும்.

3. வாயு

சிலிண்டரின் தோளில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். கடைசிச் சோதனை முடிந்து 5 ஆண்டு ஆகியிருந்தால் நிரப்பித் தர மாட்டார்கள். பல வாயுக் கடைகளில் பழையதைக் கொடுத்துவிட்டு நிரம்பியதை வாங்கிக்கொள்ளலாம், அது மேல். எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும், படுத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் (அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் கருவிக்குள்) போகும்.

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டும் இடத்தில் ஒரு சின்ன வாஷர் உண்டு. பல கசிவுகளுக்குக் காரணம் அது தொலைந்துபோயிருப்பதோ நசுங்கிப்போயிருப்பதோதான். புதிது போடுங்கள். அந்த மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண். வாயுவை அடைப்பது மரை இல்லை, வாஷர்.

இனி ரெகுலேட்டரைச் சோதிக்க: அழுத்தத் திருகைக் கடிகாரத்துக்கு எதிராக முழுக்கத் தளர்த்திவிட்டுச் சிலிண்டரைத் திறங்கள். வெளியேறும் வால்வை மூடியபடி 12 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்த அலகு) ஏற்றி, சில மணி நேரம் விட்டுவிடுங்கள். முள் தானாக 15, 20 என்று ஏறினால் உள்ளே வால்வு உட்காரும் இருக்கை தேய்ந்திருக்கிறது. பழுதுபார்க்கும் கிட் கிடைத்தால் மாற்றுங்கள், இல்லையேல் புதிது வாங்குங்கள். அதை அப்படியே விட்டால் பியரில் வாயு அளவுக்கு மீறி ஏறிவிடும், பிறகு கிளாஸில் வெறும் நுரைதான்.

பெரிய அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவார்கள். அறைச் சூட்டில் 800-க்கு மேல் காட்டியது ஃபிரிட்ஜுக்குள் போனதும் 500 சொச்சத்துக்கு இறங்கிவிடும். அது கசிவு இல்லை, குளிர். மிச்சம் எவ்வளவு என்று தெரிய சிலிண்டரை எடை போடுங்கள். காலி எடை அதன் மேலேயே பொறித்திருக்கும்.

4. ஃபாசெட்டும் ட்யூபும்

ஃபாசெட்டைக் கழற்றக் கொக்கிபோல நுனியுள்ள தனி ஸ்பேனர் உண்டு. கழுத்து வளையத்தில் உள்ள துளையில் அதை மாட்டித் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். முன்னால் நின்று பார்க்கும்போது கடிகார திசையில் திருப்பினால் கழலும். கழன்றதும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டைச் சுற்றிக் காவி நிறப் பிசின், நகத்தால் சுரண்டினால் வரும் வெள்ளைப் பொறுக்கு. அந்தப் பொறுக்குதான் பியர்க் கல், கால்சியம் ஆக்சலேட். அதற்கு அமில கிளீனர் வேண்டும். பிசினுக்குப் பி.பி.டபிள்யூ. என்ற காரக் கிளீனர் பொடி போதும்: காலன் வெந்நீருக்கு 1 அவுன்ஸ், அரை மணி ஊறல், பிறகு பிரஷ். குரோமியப் பூச்சு உரிந்து மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால் அந்த ஃபாசெட்டை மாற்றிவிடுங்கள். முன்பக்கம் அடைக்கும் எவர்சில்வர் வகை வாங்கினால் உள்ளே பியர் காய்ந்து ஒட்டாது.

ட்யூப் புதிது. உள்விட்டம் 3/16 அங்குலமுள்ள வினைல் என்றால் 10 அடி வாங்குங்கள். கெகரேட்டரோடு வந்த ட்யூப் 4, 5 அடிதான் இருக்கும். அது போதாது. நீளமான ட்யூபில் உரசி வரும்போதுதான் அழுத்தம் தணியும், குட்டையாக இருந்தால் பியர் பீறிட்டு நுரைக்கும். சுருட்டிக் கெக்கின் மேல் வைத்துவிடுங்கள். நுனியை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்தால் இணைப்பின் மேல் வழுக்கி ஏறும், அதன்மேல் கிளாம்ப்.

5. கெக்கின் ரப்பர்கள்

ஒரு கெக்கில் ஐந்து ஓ-ரிங்: மூடிக்கு ஒன்று, இரண்டு போஸ்ட்டுக்கும் (இணைப்பு மாட்டும் முனைக்கும்) வெளியே ஒவ்வொன்று, உள்ளே இறங்கும் இரண்டு குழாய்க்கும் ஒவ்வொன்று. ஐந்தையும் மாற்றுங்கள். ரூட் பியர் என்ற சோடா அடைத்திருந்த கெக் என்றால் அந்த வாடை எவ்வளவு கழுவினாலும் ரப்பரை விட்டுப் போகாது. புதியவற்றில் உணவுத் தர சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள்.

போஸ்ட்டைக் கழற்றுமுன் மூடியிலுள்ள வளையத்தை இழுத்து அழுத்தத்தை முழுக்க இறக்கிவிடுங்கள். மறந்தால் போஸ்ட் தோட்டாபோலப் பறக்கும். திருப்பி மாட்டும்போது கவனம்: அடியில் வெட்டுக்குறி உள்ள போஸ்ட் வாயுவுக்கு, அதில் சாம்பல் நிற இணைப்பு. கறுப்பு, பியருக்கு. மாற்றி அழுத்தினால் சிக்கிக்கொள்ளும்.

கடைசியாக ஸ்டார் சான் என்ற கிருமிநாசினி: 5 காலன் தண்ணீருக்கு 1 அவுன்ஸ். கெக்கிலும் ட்யூபிலும் ஓடவிட்டு வடித்துவிடுங்கள், அலச வேண்டாம். மிஞ்சும் நுரையால் கெடுதல் இல்லை.

6. கசிவுச் சோதனை

பியர் ஊற்றுவதற்கு முன்பே காலிக் கெக்கில் 30 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். அப்போதுதான் மூடி ரப்பர் நன்றாக உட்காரும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிறகு சிலிண்டரை மூடிவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் முள் விழுந்திருந்தால் இன்னும் எங்கோ போகிறது. இதைத் தவிர்த்தவர்களின் சிலிண்டர் ஒரு வாரத்தில் காலியாகும். அடைத்த அறையில் வாயு கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

7. ஊற்றுவது

38° ஃபாரன்ஹீட்டில் 12 பி.எஸ்.ஐ. வைத்து இரண்டு வாரம் காத்திருங்கள். பெரும்பாலான ஏல் வகைப் பியர்களுக்கு அதுவே சரியான அளவு. ஃபாசெட்டை ஒரே இழுப்பில் முழுக்கத் திறங்கள், பாதி திறந்தால் நுரைதான் வரும்.

எல்லாக் கிளாஸும் நுரையாக வந்தால் சூடு, அழுத்தம், ட்யூப் நீளம் என்ற வரிசையில் பாருங்கள். கெக்கை விட்டு வெளியேறும் இடத்திலேயே ட்யூபில் குமிழி தெரிந்தால், பியர் போஸ்ட்டின் கீழுள்ள குட்டி ஓ-ரிங் கிழிந்து வாயுவை இழுக்கிறது. முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து இரண்டாவது சரியாக வந்தால், ஃபாசெட்டைத் தாங்கி மேலே நிற்கும் கோபுரம் சூடாக இருக்கிறது. 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றில் சின்ன ஹோஸை இணைத்து, ஃபிரிட்ஜின் குளிர்காற்றைக் கோபுரத்துக்குள் ஊதவிட்டால் அந்த முதல் கிளாஸும் ஒழுங்காக வரும்.