தம் வந்துவிட்டது, கால் இன்னும் வரவில்லை: ஓட்டப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஓட வருகிறவர்களைப் பல வருடங்களாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். ஆள் மாறுகிறார், தவறு மாறுவதில்லை. நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்ததெல்லாம் இப்போதும் வரிசை மாறாமல் நடக்கிறது. வார்ம்-அப் இல்லாமல் ஓடுவது, காலுக்குப் பொருந்தாத ஷூ போடுவது போன்றவற்றை யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால் வருகிற தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

"என் நுரையீரலுக்குத் தம் இல்லை"

பெரும்பாலும் குறை நுரையீரலில் இல்லை. ஆரோக்கியமான ஒருவர் சமவெளியில் மூச்சிரைக்க ஓடும்போதும் நுரையீரலை விட்டு வெளியே வருகிற ரத்தத்தில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட நிறைந்தே இருக்கும். அந்த ரத்தத்தைத் தசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் இடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இறைக்கும். பயிற்சி இல்லாத இளைஞர் முழு வேகத்தில் ஓடினால் அது 20 லிட்டர் வரை போகும், உலகத்தர நெடுந்தூர வீரர்களுக்கு 35 லிட்டரையும் தாண்டும். பயிற்சியில் வளர்வது ஒரு துடிப்பில் இதயம் தள்ளுகிற அளவு, ரத்தத்தின் மொத்த அளவு, தசைக்குள் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்கள், தசைச் செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா. பயிற்சிக்கென்று விற்கிற, மூச்சை அடைக்கிற முகமூடிக்குக் காசு போடுவதற்குப் பதிலாக வாரத்தில் இன்னும் ஒரு நாள் மெதுவாக ஓடுங்கள்.

தம் வந்ததும் தூரத்தை ஏற்றுவது

இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இதுதான். இதற்குக் கொடுக்கிற விலையும் அதிகம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. பயிற்சி தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடிவிடும், அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு முன்னைவிடக் குறைவாக இருக்கும். அடுத்த சில வாரங்களில் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா பெருகும். இரண்டாவது மாதம் முடிவதற்குள், முதல் நாள் மூச்சு வாங்கி நின்ற இடத்தைப் பேசிக்கொண்டே கடக்கலாம். எலும்பும், தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணும் அதற்குள் தொடங்கிய இடத்தை விட்டு அதிகம் நகர்ந்திருக்காது.

எலும்பு நகராமல் இருப்பதோடு நிற்பதில்லை, கொஞ்ச காலம் பின்னாலும் போகும். புதிய சுமை வந்து நுண்விரிசல்கள் விழுந்ததும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்கிற செல்கள் அந்தப் பகுதியைக் கரைத்து எடுக்கின்றன. இதற்குச் சில வாரம் போதும். அந்தக் குழியை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புதிய எலும்பால் நிரப்ப மூன்று மாதத்துக்குப் பக்கமாக ஆகும். நடுவில் இருக்கிற இடைவெளியில் அந்த இடம் தொடக்கத்தில் இருந்ததைவிடப் பலம் குறைந்து கிடக்கும். உங்களுக்குத் தம் வந்து, இன்னும் கொஞ்சம் ஓடலாமே என்று தோன்றுகிற வாரங்களும் அதே வாரங்கள்தான். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலுக்கு வருகிறது, நிமிடத்துக்கு 160, 170 அடி விழுகிறது. கூட்டிப் பாருங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. பிரைட்ஹவுப்ட் என்கிற பிரஷ்ய ராணுவ மருத்துவர் 1855-லேயே, நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். அது எலும்பில் விழுந்த விரிசல் என்பது 1895-ல் எக்ஸ்-ரே வந்த பிறகுதான் தெரிந்தது. இன்றும் ராணுவப் பயிற்சியில் சேர்கிறவர்களுக்கு முதல் இரண்டு மாதத்தில்தான் இது அதிகம் வருகிறது.

தசைநாண் கதை இன்னும் மோசம், அதற்கு ரத்த ஓட்டமே குறைவு. 1950, 60-களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ அடையாளமாக வைத்து, குதிகால் தசைநாணின் வயதைக் கணக்கிட்டு டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்டார்கள். அதன் மையப்பகுதி சுமார் 17 வயதோடு உருவாகி முடிந்துவிடுகிறது, அப்புறம் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. சுமை கொடுத்தால் அது விறைப்பேறிப் பலமாகும், உண்மைதான். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும், வாரக்கணக்கில் நடக்காது.

எங்கள் குழுவில் ஒரு பையன். இரண்டாவது மாதத்தில் 5 கிலோமீட்டரை வியர்வை துடைத்துக்கொண்டே சிரித்தபடி முடிப்பான். அடுத்த வாரம் 8 போனான், அதற்கடுத்து 14. "அண்ணா, மூச்சே வாங்கல" என்றான். கூட ஓடுகிறவர்களும் "மூச்சு வாங்காதப்போ என்ன, போ" என்று ஏற்றிவிட்டார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். சில நாளில் கணைக்கால் வலி. ஐஸ் வைத்தான், மாத்திரை போட்டான், ஓடினான். நான் அவனை உட்கார வைத்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் முழங்காலுக்குக் கீழிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கினேன். பாதி தூரம் ஒன்றும் சொல்லவில்லை. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு விரல் அகலமுள்ள ஒரே இடத்தில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். எக்ஸ்-ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. அதை ஓடலாம் என்கிற அனுமதியாக எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினான். பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.-யில் விரிசல் தெரிந்தது. அந்த சீசன் முழுக்கப் போயிற்று.

எக்ஸ்-ரேயில் தெரியவில்லை என்றால் விரிசல் இல்லை என்று அர்த்தம் கிடையாது. முதல் இரண்டு, மூன்று வாரம் பெரும்பாலும் தெரியாது. உள்விளிம்பில் நாலைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்து, உடம்பு சூடேறியதும் குறைந்தால் அது பெரும்பாலும் எலும்புறையில் வருகிற எரிச்சல், சுமையைக் குறைத்தால் ஆறும். ஒரே புள்ளியில் வலித்து, ஓட ஓடக் கூடி, படுத்திருக்கும்போதும் வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அப்போ எப்படித்தான் கூட்டுவது? மூச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், மறுநாள் காலையில் முதல் சில அடி வைக்கும்போது கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். தூரம், வேகம், மேடு இந்த மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே குறையுங்கள். தம் மிச்சம் இருக்கிறது, உடம்பு கேட்கிறது என்றால் சைக்கிள் ஓட்டுங்கள், நீந்துங்கள். இதயத்துக்கு வேலை கிடைக்கும், எலும்புக்கு அடி விழாது. குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை எடையோடு, நிதானமாக, மாதக்கணக்கில் செய்யுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாமல் இருந்தால் எலும்பு கட்டுகிற வேலையே குறைந்துபோகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது, ஆண்களுக்கும் சேர்த்துத்தான். பயிற்சி தொடங்கிய பிறகு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனாலோ நின்றுவிட்டாலோ அதை நல்ல பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

மெதுவான நாளிலும் வேகமாக ஓடுவது

ஸ்டீபன் சைலர் என்கிற ஆய்வாளர் உச்சநிலை நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, சுமார் 80 சதவீத ஓட்டம் மெதுவாகவே இருந்தது. புதியவர்கள் தினமும் நடுத்தரமாகக் கஷ்டப்படுகிறார்கள். இதயத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தேவையான வேலை மெதுவான ஓட்டத்திலேயே நிறையக் கிடைக்கிறது. தினமும் பாதி வேகத்தில் ஓடினால் களைப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போய், நிஜமாக வேகம் காட்ட வேண்டிய நாளில் காலில் ஒன்றும் மிச்சம் இருக்காது. முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரி, அதுதான் மெதுவான வேகம்.

220-லிருந்து வயதைக் கழிப்பது

இதயம் அதிகபட்சம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும் என்பதற்குப் போடுகிற கணக்கு இது, ஆனால் அது சராசரி. உங்கள் உச்சத் துடிப்பு அதிலிருந்து 10, 12 தள்ளி இருப்பது சாதாரணம். வாட்ச் காட்டுகிற இதயத் துடிப்பு மண்டலங்கள் அந்தக் கணக்கில் போட்டவை என்றால் எல்லாமே தள்ளிப்போகும்.

மறுநாள் வலியை லாக்டிக் அமிலத்தின் தலையில் கட்டுவது

ஓட்டம் முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் அமிலம் என்று நாம் சொல்வது) பழைய நிலைக்கு வந்துவிடும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வருகிற வலி, தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது ஏற்படுகிற நுண்சேதத்தால் வருவது. இறக்கத்தில் ஓடிய மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது இதனால்தான்.

வேக ஓட்டத்துக்கு முன் நின்ற இடத்தில் நிமிடக்கணக்கில் தசையை இழுத்துப் பிடிப்பது

வேகம் குறையும். ஓட்டத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சலோடு ஓடுவது

ஓடாதீர்கள். வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருந்தால் அந்த ஓட்டம் உயிருக்கே ஆபத்து.

தாகம் இல்லாமலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பது

2002 பாஸ்டன் மராத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கு, அது வருகிற வாய்ப்பு அதிகமாக இருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், போதும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒருவர் தலைவலி, வாந்தி என்று சொல்லி, பேச்சும் குழறினால் அது சோடியம் குறைந்ததாலும் இருக்கலாம், நீர் வற்றிவிட்டது என்று முடிவுகட்டி மேலும் மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அவர் எவ்வளவு குடித்தார் என்று கூட இருந்தவர்களிடம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.