பக்கவாதத்துக்குப் பின் வீட்டில் நடைப்பயிற்சி: உடனிருப்போருக்கான செய்முறை

பக்கவாதத்தால் ஒரு பக்கக் கையும் காலும் வலுவிழந்தவர் வீடு திரும்பியதும் ‘எப்போது நடப்பார்?’ என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. அந்த அவசரத்தில் இருவர் இருபுறமும் அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நடத்துவதைத் திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் காணலாம். அப்படித் தூக்கும்போது வலுக்குறைந்த கால் உடலின் எடையைத் தாங்குவதே இல்லை. எடையைத் தாங்காத கால் நடக்கவும் பழகாது. ஆகவே நடைக்கு முந்தைய படிகளையே இங்கு விரிவாகச் சொல்கிறேன். மருத்துவர் அனுமதித்து, பிசியோதெரபிஸ்ட் ஒருமுறையாவது நேரில் செய்து காட்டிய பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும்.

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். தரை ஈரமின்றி இருக்கட்டும். மிதியடிகளையும் வயர்களையும் அகற்றிவிடுங்கள். சாரமோ (லுங்கி) வேட்டியோ காலைத் தட்டிவிடும் என்பதால் அரைக்கால் சட்டையே நல்லது. வார் இல்லாத செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் காலணி வேண்டும்.

அடுத்தது உட்கார்ந்து எழும் பயிற்சி. இதுவே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பது என் உறுதியான கருத்து. சுவரோரம் நகராத, கைப்பிடியுள்ள, முழங்காலைவிடச் சற்று உயரமான நாற்காலியில் அவரை முன்விளிம்புக்கு நகர்ந்து அமரச் செய்து, இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிந்து முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி வையுங்கள். மூக்கு கால் விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் குனிந்து, அதன் பிறகே அவர் எழ வேண்டும். நிமிர்ந்தபடியே எழ முயல்வதால்தான் பலர் பின்னால் சாய்கிறார்கள். வலுக்குறைந்த முழங்கால் மடங்கிவிடாமல் நீங்கள் முன்னாலிருந்து கையால் தாங்கலாம். உட்காரும்போது பொத்தென விழாமல் மெதுவாக இறங்குவதும் பயிற்சியே. இது எளிதான பிறகு நல்ல காலைச் சற்று முன்னே வைத்து எழச் சொன்னால், வலுக்குறைந்த கால் கூடுதல் எடையை ஏற்கும்.

பின்னர், உறுதியான மேசையையோ ஜன்னல் கம்பியையோ நல்ல கையால் பிடித்து நின்றபடி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றப் பழக்குங்கள். அப்போது முழங்கால் பின்னோக்கி வெட்டி வளையாமல் இலேசாக மடங்கியிருக்க வேண்டும்.

இவை கைவந்த பிறகே நடை. நீங்கள் நிற்க வேண்டியது வலுக்குறைந்த பக்கம். பிடிக்க வேண்டியது இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டை. வலுக்குறைந்த கையைப் பிடித்து இழுத்தால் தளர்ந்திருக்கும் தோள் மூட்டு இறங்கி, மாதக்கணக்கில் வலிக்கும். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அதன் பிடி மணிக்கட்டின் மடிப்பளவு உயரத்தில் இருந்தால், பிடிக்கையில் முழங்கை 20 முதல் 30 பாகை மடங்கும். முதலில் கோல், பிறகு வலுக்குறைந்த கால், கடைசியில் நல்ல கால் என்ற வரிசை மாறக்கூடாது. விரல்நுனி தரையில் இழுபட்டாலோ, காலை வட்டமாக வீசி வைத்தாலோ, கணுக்காலுக்கு ஸ்ப்ளின்ட் (பாதம் தொங்காமல் தாங்கும் கட்டை) தேவையா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் வலுக்குறைந்த காலும் முதலில். பாசி படிந்த தாமிரபரணிப் படித்துறைகளுக்கு இப்போது அழைத்துச் செல்லவே வேண்டாம்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே உட்கார வைத்து மருத்துவரை அணுகுங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, வலுக்குறைவு திடீரெனக் கூடினாலோ நேரம் கடத்தாமல் 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போய்வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கப்படும் இயன்முறை சிகிச்சையை (பிசியோதெரபி) அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.