ரயில் கணக்கு: ஃபார்முலா மனப்பாடம் பண்ணாம போடுறது எப்படி?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-லயும் சரி, ரயில்வே எக்ஸாம்லயும் சரி, ரயில் கணக்குன்னாலே நிறைய பேர் தொடாம அடுத்த கேள்விக்கு போயிடறாங்க. பத்து ஃபார்முலாவ உருப்போட்டு வெச்சிருப்பாங்க, எதை எங்க போடணும்னுதான் ஹால்ல குழம்பும். தூரம் = வேகம் × நேரம், இது ஒண்ணு போதும். இந்த கணக்குல எது தூரம், எது வேகம்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலையே.

ஸ்டெப் 1: யூனிட்ட மாத்துங்க

நீளம் மீட்டர்ல இருக்கும், வேகம் மணிக்கு இத்தனை கி.மீ.ன்னு இருக்கும். வேகத்த செகண்டுக்கு இத்தனை மீட்டர்னு மாத்த 5/18-ஆல பெருக்கணும். 18 கி.மீ. வேகம்னா செகண்டுக்கு 5 மீட்டர்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா 36-க்கு 10, 54-க்கு 15, 72-க்கு 20ன்னு அஞ்சாம் வாய்ப்பாடு மாதிரி வந்துடும்.

ஸ்டெப் 2: தூரம் எதுன்னு பாருங்க

இன்ஜின் மூக்கு தொட்ட நேரத்துல இருந்து கடைசி பெட்டியோட வால் தாண்டற வரைக்கும்தான் "கடக்குது"ன்னு அர்த்தம். 240 மீட்டர் ரயில், 72 கி.மீ. வேகம். கம்பத்துக்கு நீளமே இல்ல, அதனால 240/20 = 12 செகண்ட். அதே ரயில் 360 மீட்டர் பிளாட்பாரத்த கடந்தா ரெண்டையும் கூட்டி 600/20 = 30 செகண்ட்.

ஸ்டெப் 3: ரெண்டு ரயில்

எதிர் எதிரா வந்தா வேகத்த கூட்டுங்க, ஒரே திசைல போனா கழிங்க. நீளத்த ரெண்டுலயுமே கூட்டணும், இங்கதான் பலபேர் திசைய பாத்துட்டு நீளத்தையும் சேத்து கழிச்சு வெச்சிடறாங்க!

நம்ம 240 மீட்டர் ரயிலோட இன்னொரு ரயில், நீளம் 285, வேகம் 54. மொத்த நீளம் 525. எதிர்ல வந்தா 20 + 15 = 35, 525/35 = 15 செகண்ட்ல முடிஞ்சிடும். ஒரே திசைன்னா வித்தியாசம் வெறும் 5தான், 105 செகண்ட் ஆகும். பக்கத்து டிராக்ல ஒரு ரயில் மெதுவா நம்மள முந்திட்டு போறத ஜன்னல்ல பாத்திருப்பீங்கல்ல, அதேதான்.

அந்த ஜன்னல வெச்சே ஒரு பொறி வைப்பாங்க. "மெதுவா போற ரயில்ல உக்காந்திருக்கறவர, வேகமா போற ரயில் எவ்ளோ நேரத்துல கடக்கும்?" இங்க அவர்தான் கம்பம், அவர் ரயிலோட 285-ஐ சேக்கக்கூடாது. 240/5 = 48 செகண்ட். ஆப்ஷன்ல 105-உம் அப்பாவி மாதிரி உக்காந்திருக்கும், டிக் பண்ணிடாதீங்க.

லேட்டா கிளம்பற ரயில்

காலைல 6 மணிக்கு ஒரு ரயில் 60 கி.மீ. வேகத்துல கிளம்புது, 8 மணிக்கு அதே ஸ்டேஷன்ல இருந்து அதே பக்கமா இன்னொண்ணு 90-ல. எட்டு மணிக்கு இடைவெளி 120 கி.மீ., அது மணிக்கு 30 கி.மீ. குறையுது, 4 மணி நேரம், ஆக மதியம் 12-க்கு பிடிச்சிடும். இங்க நீளமும் வேண்டாம், 5/18-உம் வேண்டாம்.

இப்ப தலைகீழா ஒண்ணு. கம்பத்த 12 செகண்ட்லயும் 360 மீட்டர் பிளாட்பாரத்த 30 செகண்ட்லயும் கடக்குது, ரயில் நீளம் எவ்ளோ? எக்ஸ் எல்லாம் போட வேண்டாம். கூடுதலா ஆன 18 செகண்ட் அந்த 360 மீட்டருக்காகத்தான், அப்போ வேகம் 20, நீளம் 20 × 12 = 240 மீட்டர்.