தொழிக்குள் ஒரு குழாய்

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு கோட்டை விதைப்பாடு, அதாவது ஒரு கோட்டை நெல் விதைக்கும் அளவு வயல் இருக்கிறது. கல்யாணமாகி வந்த ஆண்டிலிருந்து அந்த வயலில்தான் பாடுபடுகிறேன். தண்ணீர் நிற்கும் தொழிக்குள், அதாவது உழுத சேற்றுக்குள் கால் வைத்ததும் சுற்றிலும் குமிழ்கள் எழுந்து உடையும். அது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு வழக்கம்போல் மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வயலை அவ்வப்போது காயவிட்டு மீத்தேனைக் குறைக்க, மண்ணுக்கடியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் ஒரு குழாயை ஊன்றினேன்.

தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தாள்கட்டையையும் தழையையும் சிதைத்து மீத்தேனை வெளியிடுகின்றன. நம் கண்ணுக்குப் படும் குமிழ் கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலேறிக் காற்றில் கலந்துவிடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 28 கிலோ கரியமில வாயு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

பூமி சூடாவதற்கு முதல் காரணம் நெல் இல்லை, நிலக்கரியும் பெட்ரோலியமும்தான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் எரியும் கரியை என்னால் நிறுத்த முடியாது. என் மடையை என்னால் அடைக்க முடியும். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது. மீத்தேனோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிதைந்துவிடும். இன்று குறைத்தால் என் பேத்தி வளர்வதற்குள் அதன் பலன் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை மீறி வந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. எங்கள் பிசானப் பருவ நடுகை வண்டலுக்கு அடியில் போய்விட்டது. அந்த மழைக்குப் பூமி சூடாவதுதான் காரணம் என்று ஒற்றை விரலை நீட்ட மாட்டேன். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் கொட்டத்தான் செய்யும்.

இனி செய்முறை. ஓரடி நீளத்துக்கு, ஆறு அங்குல அகலமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று போதும். கடையில் கிடக்கும் வெட்டுத் துண்டே ஆகும். அதன் கீழ்ப்பாதி முழுவதும் இரண்டு செ.மீ. இடைவெளியில் சிறு துளைகள் போடுங்கள். துளையுள்ள பாதி மண்ணுக்குள் இறங்கும்படி, வரப்பிலிருந்து கை எட்டும் இடத்தில் ஊன்றுங்கள். மேடும் பள்ளமும் இல்லாத சராசரி மட்டமாக அந்த இடம் இருக்கட்டும். பிறகு குழாய்க்குள் இருக்கும் சேற்றை அடிவரை கையால் அள்ளி வெளியே போடுங்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போது வெளியிலும் உள்ளேயும் ஒரே மட்டம் தெரிந்தால் துளைகள் அடைபடவில்லை என்று பொருள்.

நடுகை முடிந்து முதல் இரண்டு வாரம் வழக்கம்போல் தண்ணீர் நிற்கட்டும். இல்லாவிட்டால் களை முந்திவிடும். அதன் பிறகு ஐந்து செ.மீ. உயரம் பாய்ச்சி மடையை அடையுங்கள். மேலே தண்ணீர் வற்றி மண் தெரிந்ததும் மனம் பதறும். பதறாமல் குழாய்க்குள் பாருங்கள். மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை தண்ணீர் இறங்கும்வரை வேருக்குக் குறைவில்லை. அந்த அளவுக்கு இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம். எங்கள் களிமண்ணில் இதற்கு ஐந்தாறு நாள் ஆகிறது. மணல் கலந்த வயலில் இன்னும் சீக்கிரம் இறங்கும். இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையாக நடந்தால் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. எங்கள் அம்பை 16 நெல்லில் விளைச்சல் குறையவும் இல்லை.

பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை தண்ணீர் நிற்க வேண்டும். குழாய் வைத்த முதல் கார் பருவச் சாகுபடியில் ஒரு வயலில் இதைத் தவறவிட்டேன். பாதிக் கதிர் மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது. அந்த நட்டம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

யூரியாவில் கவனம் வேண்டும். காய்ந்தும் நனைந்தும் வரும் மண்ணில் மிகுதியான தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாக மாறும். அது கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 270 மடங்கு வலியது. மீத்தேனைக் குறைத்துவிட்டு இதைக் கூட்டினால் என்ன பயன்? இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, தேவையான அளவை மட்டும் பிரித்துப் போடுங்கள், போட்டதும் பாய்ச்சுங்கள். தாள்கட்டையை நடுகைக்கு ஒரு மாதம் முன்பே மடக்கி உழுதுவிட்டால் தண்ணீருக்கடியில் அழுக மிச்சம் குறையும். எரிக்கவே வேண்டாம்.

குழாயைவிடக் கடினமானது பக்கத்து வயல். எங்கள் பக்கம் பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல் இறங்கித்தான் போகிறது. நான் மடையை அடைத்தால் கீழ்வயல் அண்ணாச்சிக்குத் தண்ணீர் இல்லை. அதனால் வரப்போரம் ஒரு முழ அகலத்தில் தனி வாய்க்கால் வெட்டிக் கொடுத்தேன். அந்த அளவுக்கு என் நடுகை குறைந்தது, கொடுத்தேன். அடுத்த பிசானத்தில் அவரே வந்து, "மதினி, அந்தக் குழாயை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். கீழ்வயல்காரரிடம் நாற்றங்கால் போடும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். நடுகைக்குப் பிறகு வாய்க்கால் வெட்ட இடம் இருக்காது.