வேலை பார்க்கிற கம்பெனியின் ஷேரை வாங்கலாமா? கையெழுத்துப் போடும் முன் ஒரு மணி நேரக் கணக்கு

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி சேதராப்பட்டிலோ ஒரு பெரிய கம்பெனியில் வேலை. ஊழியர்களுக்குத் தள்ளுபடி விலையில் பங்கு தருவதாக ஹெச்.ஆரிலிருந்து கடிதம் வருகிறது. கூட வேலை செய்பவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்பதற்காக நீங்களும் போட வேண்டாம். பே ஸ்லிப்பையும் ஒரு வெள்ளைத்தாளையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: கடிதத்தை முழுக்கப் படியுங்கள்

கிடைப்பது பங்கா, பங்கு வாங்கும் உரிமையா என்று முதலில் பாருங்கள். இஎஸ்ஓபி (ஊழியர் பங்கு உரிமைத் திட்டம்) என்றால் அது உரிமை மட்டும்தான். குறைந்தது ஒரு வருடம் கழித்தே அதைப் பயன்படுத்த முடியும். தள்ளுபடித் திட்டம் என்றால் பங்கு உடனே உங்கள் டீமேட் கணக்குக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) வரும். ஆனால் இங்கே பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் இத்தகைய திட்டங்களில், ஒதுக்கிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வருட லாக்-இன், அதாவது விற்க முடியாத காலம், உண்டு. வேலையை விட்டால் பங்கு என்ன ஆகும் என்ற பத்தியையும் தேடிப் பாருங்கள். கம்பெனி பட்டியலிடப்படாததாக இருந்தால், வாங்க ஆள் கிடைக்கும்வரை அந்தப் பங்கைக் காசாக்க முடியாது.

படி 2: ஏற்கெனவே எவ்வளவு அங்கே மாட்டியிருக்கிறது?

பலரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். சம்பளம், போனஸ், கிராஜுவிட்டி, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு என்று கம்பெனியை நம்பி நிற்பதையெல்லாம் தாளில் எழுதுங்கள். கணவன், மனைவி இருவரும் ஒரே ஆலையா? வீட்டு மாடியை அதே ஆலை ஊழியருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? அதையும் எழுதுங்கள். பி.எஃப். பெரும்பாலும் இபிஎஃப்ஓவுக்குப் போய்விடுவதால் அதைச் சேர்க்க வேண்டாம்.

கம்பெனி நொடித்துக் கலைக்கப்பட்டால் திவால் சட்டப்படி பணம் பிரிக்க ஒரு வரிசை இருக்கிறது. தொழிலாளர்களின் 24 மாத பாக்கி, அடமானம் பெற்றுக் கடன் கொடுத்தவர்களோடு சமமாக நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி அதற்கு அடுத்து. சாதாரணப் பங்குதாரர் கடைசி. சம்பளப் பாக்கியில் கொஞ்சமாவது தேறலாம். பங்கில் போட்டது அநேகமாகத் திரும்பாது.

நம் கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அப்படியொரு நாளில் வீட்டுக் கூரையும் ஆலையும் ஒன்றாக அடி வாங்கும். பங்கைத் தொடும் முன் ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். அது இல்லையென்றால் கணக்கு இங்கேயே முடிகிறது. இந்த முறை வாங்க வேண்டாம்.

படி 3: உச்ச வரம்பு

மொத்தச் சேமிப்பில் 5 முதல் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கணக்கு. வீட்டையும் நகையையும் விட்டுவிட்டு 8 லட்சம் இருந்தால் 40,000 முதல் 80,000 ரூபாய். தம்பதி இருவரும் அங்கேயே வேலை என்றால் அதில் பாதி. நகையை அடகு வைத்தோ பர்சனல் லோன் எடுத்தோ வாங்கவே வாங்காதீர்கள்.

படி 4: தள்ளுபடியைப் பிரித்துப் பாருங்கள்

சந்தை விலை 400 ரூபாய், 15% தள்ளுபடியில் உங்களுக்கு 340 என்று வைப்போம். 100 பங்குக்கு 34,000 கொடுக்கிறீர்கள். மிச்சமான 6,000 ரூபாயை வருமான வரித்துறை சம்பளமாகவே பார்க்கிறது. நீங்கள் 20% அடுக்கில் இருந்தால், செஸ் சேர்த்து 1,248 ரூபாய் டி.டி.எஸ். பிடிப்பார்கள். ஆக, கையிலிருந்து போனது 35,248. சந்தை விலை சுமார் 12% இறங்கி 352க்கு வரும்வரைதான் தள்ளுபடி உங்களைக் காப்பாற்றும்.

ஒரு வருடம் கழித்து 320க்கு விற்றால் நட்டம் 3,248. கட்டிய வரி திரும்பாது. வரிக் கணக்கில் உங்கள் வாங்கிய விலை 340 அல்ல, 400. எனவே மூலதன நட்டம் 8,000 என்று காட்டலாம். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்கின் நட்டத்தை நீண்டகால லாபத்தில்தான் கழிக்க முடியும். ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால் 8 வருடம்வரை எடுத்துச் செல்லலாம்.

படி 5: கம்பெனியின் உடம்பு எப்படி?

ஆலைக்குள் ஓவர்டைம் ஓடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆர்டர் நிறைய இருந்தும் பணம் வசூலாகாமல் படுத்த கம்பெனிகள் உண்டு. ஆண்டறிக்கையில் மூன்றைப் பாருங்கள்: லாபத்துக்கு ஏற்பச் செயல்பாட்டிலிருந்து ரொக்கம் வருகிறதா, கடன் வருடா வருடம் ஏறுகிறதா, புரமோட்டர்கள் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளிகள்) தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா. கூடவே உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறங்கள். மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அது தள்ளிக்கொண்டே போனால் வாங்காதீர்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் படி 3இன் வரம்பைத் தாண்ட வேண்டாம். சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் கணக்குகளும் நன்றாகத்தான் தெரிந்தன. 2009 ஜனவரி 7 அன்று மோசடி வெளிவந்ததும் ஒரே நாளில் அதன் பங்கு விலை முக்கால்வாசிக்கு மேல் விழுந்தது.

படி 6: செபி (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) விதி

வெளியே அறிவிக்காத பெரிய ஆர்டரோ நட்டமோ உங்களுக்குத் தெரிந்திருந்தால், எந்தப் பதவியில் இருந்தாலும் அதை வைத்துப் பங்கை வாங்குவதும் விற்பதும் குற்றம். மனைவியின் டீமேட் கணக்கில் செய்தால் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயர் ‘டிசிக்னேட்டட் பெர்சன்’ (உள் தகவல் தெரியக்கூடியவர்கள் என்று கம்பெனி குறித்திருப்பவர்கள்) பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனி செக்ரட்டரி அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால், காலாண்டு முடிந்ததிலிருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் ஆகும்வரை இந்தப் பங்கை வாங்கவோ விற்கவோ உங்களுக்குச் சந்தை மூடியிருக்கும். சந்தையில் வாங்கியதை ஆறு மாதத்துக்குள் விற்கவும் முடியாது.

படி 7: விற்கும் நாளை இன்றே குறியுங்கள்

லாக்-இன் முடியும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அன்று உங்கள் வரம்புக்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அதை விற்றுவிடுங்கள். அந்தத் தேதி ஏப்ரலில் விழுந்து, நீங்கள் ‘டிசிக்னேட்டட் பெர்சன்’ பட்டியலிலும் இருந்தால், ரிசல்ட் வரும்வரை காத்திருக்க நேரும். அதனால் ஜூனில் கட்ட வேண்டிய பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்தப் பணத்தை நம்பியிருக்காதீர்கள்.